இருபது டிகிரி என்று எழுதச் சொன்னவன்

ஓசூரில் டிசம்பர் மாதக் காலையில் விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஒரு காலையில்தான் எங்கள் கம்பெனியில் அளவு பார்க்கும் மெஷினின் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிற்பேட்டையின் பின்வரிசையில் ஒரு ஷெட், நாற்பது பேர். இருசக்கர வண்டியின் பிரேக்குக்குள் வரும் ஓர் அலுமினிய உறுப்பைக் கடைந்து கொடுப்போம். அந்த உறுப்பில் ஒரு துளை இருக்கும். அதற்குள் ஒரு சிறிய பிஸ்டன் முன்னும் பின்னும் தடையில்லாமல் போய்வர வேண்டும். துளை கொஞ்சம் பெரிதானால் எண்ணெய் கசியும். கொஞ்சம் சிறிதானால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. இந்தக் கொஞ்சம் என்பது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு, ஏழெட்டு மைக்ரான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் அந்த மெஷின்.

நான் அங்கே மெயின்டனன்ஸ் பார்த்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடமாகியிருந்தது. மெஷினை விற்றவர்களுக்கு போன் செய்தேன். பெங்களூரிலிருந்து பேசினார்கள். அந்த சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும், இப்போதைய கம்ப்யூட்டரில் ஏறாது, மெஷினை இயக்கும் கன்ட்ரோலரோடு சேர்த்துப் புதிதாக மாற்றிக்கொள்வதுதான் வழி என்றார்கள். மாற்ற ஆகும் விலையை முதலாளியிடம் சொன்னபோது அவர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, வூட்டுல பழைய லேப்டாப்பெல்லாம் பிரிச்சி வெச்சிக்கினு என்னமோ பண்ணிட்டே இருப்பியே. இதுக்கு ஒரு வழி பண்ண முடியாதா?"

"பாக்குறேன் சார்," என்றேன். முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவர் சொன்னது உண்மைதான். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டின் ஒரு மூலை முழுக்கப் பிறர் வேண்டாமென்று போட்ட லேப்டாப்புகள். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றி ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. படித்தது எலக்ட்ரிக்கல் டிப்ளமோ; இதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. ஒரு மெஷினைச் செய்தவர்களே கைவிட்ட பிறகும் அதை நடக்க வைப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக் வாங்கி வைத்திருந்தேன். லேப்டாப்பை மேலே உட்கார வைக்கும் தட்டையான பெட்டி. அதன் பக்கவாட்டில் மூன்று அறைகள். நமக்கு வேண்டிய துண்டை எதில் வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்: ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், பழைய மெஷின்களோடு பேசுகிற சீரியல் போர்ட் என்று தனித்தனியாகக் கிடைக்கும். லேப்டாப்பைத் தனியாக ஆன் செய்தால் அதனுடைய சொந்த விண்டோஸ் வரும். டாக்கின் மேல் வைத்து ஆன் செய்தால் டாக்கில் செருகிய டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் எழும். அந்த லினக்ஸுக்குள் பழைய விண்டோஸை ஒரு வீட்டுக்குள் தடுத்த அறை போல அமைத்து, மெஷினின் சாஃப்ட்வேரை அதில் ஏற்றினேன். செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தேன். ஐந்து நாள் ஆனது. ஆறாவது நாள் மெஷினின் ஊசி மெல்ல இறங்கித் துளையின் சுவரைத் தொட்டு, திரையில் எண் வந்தபோது, ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் அளவு பார்க்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

அந்த மெஷினில் வேலை பார்த்தது ஒரு பெண். காவேரிப்பட்டினத்துக்காரி. பாலிடெக்னிக் முடித்து இன்ஸ்பெக்டராக வந்து நான்கு வருடம். அவளும் மத்திகிரியில்தான் குடியிருந்தாள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நிறையப் பேச மாட்டாள். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள்.

முதல் நாளே கேட்டாள். "அண்ணா, கீழ மஞ்சள்ல ஒண்ணு வருதுங்களே, இன்னா அது?"

திரையின் அடியில் ஒரு வரி. வெப்பநிலை சென்சார் கிடைக்கவில்லை, இருபது டிகிரி என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று அதற்கு அர்த்தம். மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வரும். தடியானது மெஷினுடையது, மெல்லியது சென்சாருடையது. என் டாக்கில் சீரியல் போர்ட் துண்டு ஒன்றுதான் இருந்தது. தடியான கேபிளை அதில் மாட்டினேன். மெல்லியதைச் சுருட்டி பிளாஸ்டிக் டை போட்டு மெஷினின் பின்பக்கம் கட்டிவிட்டேன். இன்னொரு துண்டு ஆர்டர் போட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது நினைவிருக்கிறது.

"அது ஒண்ணும் இல்லம்மா. ரூம்ல ஏ.சி. ஓடுது, எப்பவும் இருபதுதான். ஓகே குடுத்துட்டுப் போ."

"ரிப்போர்ட்ல டெம்பரேச்சர்னு ஒரு கட்டம் கீதுங்களே."

"இருபதுன்னு எழுதிக்க."

அவள் எழுதினாள். தினமும் எழுதினாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தவரை அது பொய்யும் இல்லை.

மார்ச் நடுவில் அந்த அறையின் ஏ.சி. நின்றது. கம்ப்ரஸர் போய்விட்டது. சரிசெய்ய வந்தவர் பாகம் வர நாளாகும் என்றார். முதலாளி, "ரெண்டு மூணு வாரம் ஓட்டிக்கலாம். ஓசூர்ல என்ன பெரிய வெயிலு?" என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கதவைத் திறந்து வைத்து, ஒரு பெரிய ஃபேனைப் போட்டோம். ஆனால் தகரக் கூரை. மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் போனால் சட்டை முதுகில் ஒட்டும். நானே எத்தனையோ முறை உள்ளே போய், "என்னம்மா, வெந்துபோற" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெக்கை அவளைத்தான் வருத்துகிறது என்று நினைத்தேன். மெஷினை நினைக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு நாள், காலை ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். ஆள் விட்டுக் கூப்பிடாமல் அவளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். கையில் ஒரு உறுப்பும், துளைக்குள் விட்டுப் பார்க்கும் பிளக் கேஜும். கேஜ் என்பது துல்லியமாகச் செய்த ஓர் இரும்புக் குச்சி. துளை சரியாக இருந்தால் அதன் ஒரு முனை உள்ளே போக வேண்டும். அந்த கேஜ் சரிபார்ப்புக்காக வெளியே போயிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தது.

"விட்டுப் பாருங்கண்ணா."

விட்டுப் பார்த்தேன். போகவில்லை. நுனி தொட்டு நின்றது.

"ரிஜெக்ட்ல இருந்து எடுத்தியா?"

"இல்லண்ணா. நேத்து மத்தியானம் மெஷின் ஓகே குடுத்தது. இப்ப மறுபடி மெஷின்ல வெச்சேன். ஏழு மைக்ரான் சின்னதுன்னு காட்டுது. ஒரே பீஸு, ஒரே மெஷினு."

அவளுக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வெக்கையில் அலுமினியம் விரியும், அதனால் துளையும் பெரிதாகும். சென்சார் இருந்தால் சாஃப்ட்வேர் அதைக் கழித்துவிட்டு உண்மையான அளவைச் சொல்லும். சென்சார் இல்லாததால் அறை இருபது டிகிரியில் இருக்கிறது என்று நம்பி, விரிந்த அளவை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், மதியத்தில் துளை பெரிதாகக் காட்டுகிறதே என்று கடைசல் பகுதியில் திருத்தம் போட்டு இன்னும் சிறிதாகக் கடைந்திருந்தார்கள். மெஷின் அதற்கும் ஓகே கொடுத்திருந்தது.

அன்று முழுவதும் அந்த ஒரே உறுப்பை மணிக்கு ஒருமுறை வைத்து அளந்தோம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. எண் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மணிக்குத் திரையில் ஓகே என்று பச்சை வந்தது. நான் மெஷினின் பின்னால் குனிந்து பார்த்தேன். சுருட்டிய கேபிள் நான் கட்டிய டையோடு தூசி படிந்து அப்படியே இருந்தது. எழுந்தபோது அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். உத்தனப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். நிலத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு இந்த ஷெட்டைப் போட்டவர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது.

"எத்தனை நாளு சரக்கு?"

"மூணு வாரம் சார். மத்தியானத்துல பாத்தது மட்டும். காலைல பாத்தது சரியா இருக்கும்."

"வாங்கறவன் அங்கயும் செக் பண்றான் இல்ல?"

"எல்லாத்தையும் பண்ண மாட்டாங்க சார். நம்ம ரிப்போர்ட்டை நம்பித்தான் எடுக்கறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு மைக்ரான். அதுல என்ன ஆயிரும்? முதல்ல சென்சாரை மாட்டு. ஏ.சி.க்காரனை நான் பாத்துக்கறேன். வெளிய எதும் பேசாத. ரெண்டு நாளு பொறு."

நான் பொறுத்தேன். இதை எழுத வந்ததே இதற்காகத்தான். அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், சீரியல் போர்ட் துண்டை வாங்கி வந்து மாட்டினேன், மஞ்சள் வரி மறைந்ததைப் பார்த்தேன். மாலையில் ராயக்கோட்டை சாலையில் ஷிப்ட் விட்டு வருகிறவர்களின் வண்டிகள் வரிசையாக வரும். வேகத்தடைக்கு முன்னால் ஒவ்வொருவரும் பிரேக்கை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் சின்னப் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு ஒருவர் போனார். நான் வண்டியை எடுக்காமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னதையும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. இருபதுன்னு எழுதச் சொன்னது நீங்கதான்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

"கேபிளை மாட்டலைன்னு சொன்னேன்."

"நான் கேட்டது அது இல்ல," என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் வேன் வந்து நின்றது. முந்தின வாரச் சரக்கில் மீதியிருந்த பெட்டிகள் போக வேண்டும். ரிப்போர்ட்டில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். அவள் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். முதலாளி வந்தார். அவரிடம் அவள் குரலை உயர்த்தவில்லை.

"சார், இந்த அளவு தப்புன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சி போட முடியாதுங்க. வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான், அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அனுப்ப வேண்டாம் சார்," என்றேன். இரண்டு நாளாக என்னிடமிருந்து வராத சொல். அவள் முதலில் சொன்ன பிறகு அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

வேன் காலியாகத் திரும்பிப் போனது. முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வாங்கும் கம்பெனிக்கு அவரே போன் செய்து சொன்னார். அதை அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த நாளே அவர்களுடைய ஆட்கள் வந்தார்கள். பெட்டிகள் பெரும்பாலும் அவர்களுடைய ஸ்டோரிலேயே இருந்தன. கொஞ்சம் வண்டிகளில் ஏறியிருந்தன. அவற்றில் எத்தனை கடைக்குப் போயின, எத்தனை ரோட்டுக்குப் போயின என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கண்டுபிடித்து மாற்றிவிடுவோம் என்றார்கள். மாற்றியிருப்பார்கள். யாருக்கும் ஏதும் ஆனதாக நான் கேள்விப்படவில்லை. கேள்விப்படாததும் ஆகாததும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது.

பிறகு காகித வேலை தொடங்கியது. தப்பு எப்படி நடந்தது, யார் பொறுப்பு, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். ஆபீஸில் தயாரித்த பதிலை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மெஷின் பற்றிய பகுதியை நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பொறுப்பு என்ற இடத்தில், அறையின் வெப்பநிலையை அளக்காமல் இன்ஸ்பெக்டர் தினமும் இருபது என்று பதிவு செய்தார், அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "சார், இருபதுன்னு எழுதச் சொன்னது நான்."

"தெரியும்பா."

"அந்தப் பொண்ணு முதல் நாளே கேட்டுச்சு."

"அதுவும் தெரியும். அந்தப் பொண்ணே எங்கிட்ட சொல்லுச்சு." நாற்காலியில் சாய்ந்தார். "அவங்களுக்கு ஒரு ஆளை வெளிய அனுப்புனதா காட்டணும். உன்னை அனுப்பிட்டா அந்த லேப்டாப் பெட்டியை யாரு பாத்துக்குவா? உன்னைத் தவிர அது யாருக்கும் புரியாது. நாற்பது பேரு இருக்காங்க. நீயே சொல்லு."

என்னைத் தவிர யாருக்கும் புரியாத ஒன்றைச் செய்து வைத்தேன் என்று பெருமைப்பட்டவன் நான்தான். இப்போது அதுவே என்னைக் காப்பாற்றியது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதக் கடைசியில் அவள் வேலையிலிருந்து நின்றாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம், "வர்றேங்கண்ணா" என்றாள். வழக்கமாகச் சொல்கிற அதே மாதிரி.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். மனைவியும் உடன் வந்தாள். அந்தப் பெண்ணின் கணவர் உட்காரச் சொன்னார். அவள் தண்ணீர் கொடுத்தாள். நான் மனதில் நிறைய யோசித்து வைத்திருந்தேன். பேச ஆரம்பித்ததும் எல்லாம் எனக்காகப் பேசுவது போலவே இருந்தது. பாதியில் நிறுத்தினேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு எடத்துல இன்டர்வியூ போனேங்கண்ணா. ஏன் நின்னீங்கன்னு கேக்கறாங்க. நடந்ததைச் சொன்னா, தப்பா எழுதுன பொண்ணுன்னுதான் பாக்கறாங்க. நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க, அத எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு."

"நான் முதலாளிகிட்ட சொன்னேம்மா."

"அது எனக்கு ஆவாதுங்க. எழுதிக் குடுங்க."

அவள் கணவர் எழுந்து வெளியே போனார். சங்கடப்பட்டுப் போனாரா, கோபப்பட்டுப் போனாரா தெரியவில்லை. என் மனைவி பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தப் பெண் தன் மகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தாள். எழுதினேன். டாக்கை மெஷினோடு இணைத்தது நான், சென்சாரை மாட்டாமல் விட்டது நான், எச்சரிக்கை வருகிறது என்று இவர் முதல் நாளே கேட்டார், இருபது என்று எழுதச் சொன்னது நான், தவறைக் கண்டுபிடித்துத் தெரிவித்ததும் இவரே. முக்கால் பக்கம்கூட வரவில்லை. அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில், "தேதி போடலியே," என்று திருப்பிக் கொடுத்தாள். போட்டேன்.

ஜூன் மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேறொரு கம்பெனியிலிருந்து அவருக்கு போன் வந்திருந்தது. என் கடிதத்தைக் காட்டி, இது உண்மையா என்று விசாரித்திருக்கிறார்கள்.

"நீ எழுதுனதா?"

"ஆமா சார்."

"நாங்க வாங்கறவனுக்குக் குடுத்தது ஒண்ணு, நீ குடுத்தது வேற ஒண்ணு. அவனுக்குத் தெரிஞ்சா நான் எங்க நிக்கறது?" அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்திருந்தார். "போன்ல உண்மைன்னுதான் சொன்னேன். ஆனா இனிமே நீ இங்க இருக்க முடியாதுப்பா."

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அந்த மாதத்தில் டாக்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதி வைத்தேன்: எந்த அறையில் எது, எதை எப்போது மாற்ற வேண்டும், என்ன எச்சரிக்கை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். புதிதாக வந்த மெயின்டனன்ஸ் ஆளிடம் இரண்டு முறை கழற்றி மாட்டிக் காட்டினேன். நான் நினைத்திருந்த அளவுக்குக் கஷ்டமில்லை. அவர் மூன்றாவது நாளே தனியாகச் செய்தார்.

இப்போது கிருஷ்ணகிரி போகிற வழியில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். முன்பைவிடச் சின்ன வேலை. பம்பும் மோட்டாரும் பார்க்கிறேன். பழைய லேப்டாப்புகளை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் எதையாவது ஓட வைத்த பிறகு, அது என்னென்ன சொல்லாமல் விடுகிறது என்று தேடிக்கொண்டே இருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ மாட்டேன்.

அந்த இன்ஸ்பெக்டர் பெண்ணைப் போன மாதம் மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். புது கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்து சரியானதைச் சொன்னாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்லைங்க. அங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும்."

"நல்லதுதானே."

"நல்லதுதாங்க," என்றாள். முன்பெல்லாம் என்னோடு பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு அண்ணா இருக்கும். அன்று பேசியதில் ஒன்றுகூட இல்லை என்பதை அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் கவனித்தேன்.